இரு கட்சியும் வேண்டாம் என்பவர் தம் வாக்கை எங்கே செலவிடுவது?

2024 அக்டோபரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை அடுத்த புறநகர் ஒன்றில் வாழும் நண்பர் ஒருவரின் உணவு மேசையில், அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டு பல நாள் நிரப்பப்படாமலே கிடந்தது. கருப்பு மையால் முட்டை வடிவக் கட்டங்களை நிரப்ப வேண்டிய அந்தத் தாளில் கமலா ஹாரிஸ், டொனால்ட் டிரம்ப் ஆகியோருடன் வேறு சில பெயர்களும் இருந்தன. ஆகஸ்டிலேயே போட்டியிலிருந்து விலகி டிரம்ப்பை ஆதரிக்கத் தொடங்கிவிட்ட ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரின் பெயரும், நீக்கச் சொல்லி அவரே நீதிமன்றம் சென்ற பிறகும் நீக்கப்படாமல், இயற்கைச் சட்டக் கட்சியின் வேட்பாளராக அச்சாகியிருந்தது. "பெரிய கட்சி இரண்டும் பிடிக்கவில்லை. மூன்றாவதாக ஒருவரைத் தேடினால், போட்டியிலேயே இல்லாதவரைக் காட்டுகிறார்கள். நான் என்னதான் செய்வது?" என்று கேட்டார் நண்பர். அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை, அவருக்கு முன்னிருந்த வழிகளை ஒன்றோடொன்று எடைபோட்டு, இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

இந்தச் சலிப்பு அவர் ஒருவருடையதன்று. 2023ஆம் ஆண்டில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், மூன்றாவது பெரிய கட்சி ஒன்று தேவை என்று 63 விழுக்காட்டினர் கூறினர். அதே ஆண்டில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, இரண்டு கட்சிகளையும் பற்றி நல்லெண்ணம் இல்லை என்றவர்கள் 28 விழுக்காட்டினர். ஆயினும் 2024 நவம்பரில் டிரம்ப்பும் ஹாரிஸும் நீங்கலாக ஏனைய வேட்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து பெற்றது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். 63 பேர் கேட்கும் பொருளை இரண்டே பேர் வாங்குகிறார்கள் என்றால், கோளாறு வாங்குபவரிடம் இருப்பதைவிடக் கடையின் அமைப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த அமைப்பு எளிமையானது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவர் வென்றார், பெரும்பான்மை தேவையில்லை. அதிபர் தேர்தலில், மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர்த்த 48 மாநிலங்களிலும், அதிபரை முறைப்படி தெரிவு செய்யும் தேர்வாளர் குழுவில் அந்த மாநிலத்துக்குரிய இடங்கள் முழுவதும் முதலிடம் பெற்றவருக்கே போய்ச் சேருகின்றன. இத்தகைய முறை காலப்போக்கில் இரு கட்சிகளில் சென்று முடியும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1950களில் எழுதியது, மற்ற நாடுகளில் பல விதிவிலக்குகளைக் கண்டபோதும், அமெரிக்காவில் பெரும்பாலும் பலித்தே வந்திருக்கிறது. கடைசியாக ஒரு புதிய கட்சி எழுந்து பழைய பெரிய கட்சி ஒன்றின் இடத்தைப் பிடித்தது, 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சி ஆறே ஆண்டுகளில் லிங்கனை அதிபராக்கியபோதுதான்.

முதல் வழி, எல்லோருக்கும் உடனே தோன்றுவது: நவம்பரில் மூன்றாம் கட்சிக்கு வாக்களிப்பது. 1992இல் டெக்சாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று 18.9 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். மெய்ன் மாநிலத்தில், பதவியிலிருந்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். தேர்வாளர் குழுவின் 538 இடங்களில் அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1968இல் இனப்பிரிவினையை முழங்கி அவரைவிடக் குறைந்த விழுக்காட்டைப் பெற்ற ஜார்ஜ் வாலஸுக்கோ 46 இடங்கள் கிடைத்தன. அவருடைய வாக்குகள் தெற்கே ஐந்து மாநிலங்களில் குவிந்திருந்ததே காரணம். நாடெங்கும் பரவலாக விரும்பப்படுபவருக்கு ஒன்றுமில்லை, ஒரு மூலையில் வெறியோடு விரும்பப்படுபவருக்குப் பரிசு என்பதுதான் இந்த விதியின் குணம்.

இந்த வழியின் விலையை 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடா காட்டியது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 537 வாக்குகளில் அங்கு வென்று அதிபரானார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அதே மாநிலத்தில் 97,488 வாக்குகள் பெற்றிருந்தார். 2016இல் எங்கள் மிச்சிகனில் டிரம்ப் வென்ற வித்தியாசம் 10,704. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் பெற்றது 51,463. ஜனநாயகக் கட்சிக்குப் போயிருக்க வேண்டிய வாக்குகளைப் பிரித்தார்கள் என்று இந்தக் கணக்கை அப்படியே நேடர் மீதும் ஸ்டைன் மீதும் பழியாகச் சுமத்துவது எனக்கு உடன்பாடன்று. அவர்கள் போட்டியிடாவிட்டால் அந்த வாக்காளர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அதே 2016இல் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் மிச்சிகனில் பெற்ற 1,72,000க்கும் மேற்பட்ட வாக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று யாரும் அறுதியிட்டுக் கூற முடியாது. இருந்தாலும், போட்டி கடுமையாக இருக்கும் மாநிலத்தில் வாழ்பவர், தமக்கு இரண்டாவதாகப் பிடித்தவரைத் தோற்கடிக்கும் வாய்ப்பைத் தெரிந்தே ஏற்கிறார் என்பது மட்டும் உறுதி.

கலிபோர்னியாவிலோ அலபாமாவிலோ வாழ்பவருக்கு அந்த அச்சம் இல்லை. அங்கே முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். அங்குள்ளவர்களிடம் மூன்றாம் கட்சியினர் வழக்கமாகச் சொல்லும் வாதம், நாடளவில் 5 விழுக்காடு கிடைத்தால் அடுத்த தேர்தலுக்குக் கூட்டரசின் பொது நிதி கிடைக்கும் என்பது. அது உண்மைதான், நடந்தும் இருக்கிறது. 1996இல் பெரோ 8.4 விழுக்காடு பெற்றதால், அவர் தொடங்கிய சீர்திருத்தக் கட்சிக்கு 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கென 1 கோடியே 26 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. பணம் வந்ததும், வேட்பாளர் யார் என்ற சண்டையில் கட்சி இரண்டாகப் பிளந்தது. நிதியைப் பெற்று நின்ற பேட் புகேனன் அரை விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆளில்லாத வீட்டுக்குச் சொத்து வந்தால் பங்காளிச் சண்டைதான் மிஞ்சும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதிபர் பதவிக்குக் கீழே இறங்கினால் கணக்கு சற்று மாறுகிறது. ஆளுநர் தேர்தலில் தேர்வாளர் குழு கிடையாது. 1998இல் மினசோட்டாவில், முன்னாள் மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்டுரா, சீர்திருத்தக் கட்சியின் சார்பில் 37 விழுக்காடு வாக்குகளுடன் ஆளுநரானார். 2024இல் நெப்ராஸ்காவின் செனட் இடத்துக்குச் சுயேச்சையாக நின்ற டான் ஆஸ்பார்ன், ஜனநாயகக் கட்சி வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கிக்கொண்டதால், குடியரசுக் கட்சியின் கோட்டையான அந்த மாநிலத்திலும் 46 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார், ஆனாலும் தோற்றார். நீண்ட காலம் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டெட்ராய்ட் மேயராக அறியப்பட்ட மைக் டக்கன், 2026ஆம் ஆண்டு மிச்சிகன் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிடப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்ததற்கும் இதே கணக்குதான் அடிப்படை: மும்முனைப் போட்டியில் 35 விழுக்காடே வெற்றிக்குப் போதுமானதாகலாம். ஆகவே மூன்றாம் தரப்புக்கு வாக்களிக்க விரும்புபவர், அதிபர் வரிசையைவிட ஆளுநர் வரிசையில் அதைச் செய்வதே பொருத்தம். மற்ற இரு கட்சியினரும் அதே அளவு வலுவோடு நின்றால், பத்தில் ஆறு பேர் விரும்பாத ஒருவர் ஆளுநராகும் வாய்ப்பும் இதில் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி, வாக்களிக்காமல் இருப்பது அல்லது அந்த ஒரு வரிசையை மட்டும் வெற்றாக விடுவது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2016இல் மிச்சிகனில் ஏறத்தாழ 75,000 பேர் அதிபர் வரிசையை நிரப்பாமலே வாக்குச்சீட்டைக் கொடுத்தனர். அது வெற்றி வித்தியாசத்தைப் போல ஏழு மடங்கு. அவர்கள் சொல்ல வந்தது என்ன என்று அதன் பிறகு யாரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. நெவாடா மாநிலத்தில் 1970களிலிருந்தே "இவர்களில் எவருமில்லை" என்ற வரி, நம் நோட்டாவைப் போல, அச்சிலேயே உண்டு. கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்ய நடந்த 2024 குடியரசுக் கட்சி உட்கட்சித் தேர்தலில், டிரம்ப்பின் பெயர் இல்லாத அந்தச் சீட்டில், நிக்கி ஹேலியை அந்த வரியே பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஆனால் நோட்டாவைப் போலவே அதற்கும் பல் கிடையாது. அது முதலிடம் பெற்றாலும், அடுத்து வந்த மனிதரே வென்றவராகக் கருதப்படுவார்.

மூன்றாவது, இருவரில் குறைந்த தீமையைத் தேர்ந்தெடுப்பது. முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்வதென்றாலும், போட்டி கடுமையான மாநிலத்தில் நவம்பர் மாதத்தில் இதைவிட மேலான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். மிச்சிகன் வாக்குச்சீட்டில், ஒரு கட்சியின் கட்டம் ஒன்றை நிரப்பினாலே அக்கட்சியின் வேட்பாளர் அனைவருக்கும் வாக்குப் போய்விடும் வசதி இருக்கிறது. சலிப்படைந்தவருக்கு அது நிம்மதியாகத் தோன்றும். அதைத் தொட வேண்டாம். கட்சி சார்பற்ற பகுதியில் வரும் நீதிபதிகள், பள்ளி வாரிய உறுப்பினர்கள், மாநிலத் தீர்மானங்கள் ஆகியவற்றுக்கு அந்தக் கட்டம் செல்லாது என்பதால், அதை நிரப்பியவுடன் வேலை முடிந்ததென்று தாளை மடிப்பவர், தம் வாக்கு உண்மையிலேயே எடை பெறும் இடங்களை வெற்றாக விட்டுவிடுகிறார்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்த நான்காவது வழி. சலிப்பை நவம்பரில் கொட்டுவதைவிட, பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் செலவிடுவது. காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சிக்கு உறுதியானவை. அங்கே உண்மையான தேர்தல் நடப்பது நவம்பருக்கு முன்பேதான், அப்போது வருபவர்களோ மிகச் சிலர். 2014 ஜூனில், மக்களவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டரை, வர்ஜீனியாவில் பெயர் தெரியாத பொருளாதாரப் பேராசிரியர் டேவ் பிராட் உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தினார். பதிவான வாக்குகள் மொத்தம் ஏறத்தாழ 65,000. 2018 ஜூனில் நியூயார்க்கில், பத்து முறை வென்ற ஜோ குரோலியை, அதுவரை உணவகத்தில் வேலைபார்த்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் தோற்கடித்தபோது அவருக்குத் தேவைப்பட்டவை 17,000க்கும் குறைவான வாக்குகளே. இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். வென்ற வழி ஒன்றே.

இந்த வழிக்கு எதிரான வாதமும் இதே இடத்திலிருந்துதான் எழுகிறது: உட்கட்சித் தேர்தலுக்கு வருபவர்கள் தீவிரர்கள், ஆகவே அது நடுநிலையாளர்களைத் தண்டிக்கும் களம். மேற்கு மிச்சிகனின் பீட்டர் மெய்யரின் கதை இதற்குச் சான்றாகும். 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கக் கண்டனத் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேரில் அவர் ஒருவர். 2022 ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தலில், டிரம்ப் ஆதரவு பெற்ற ஜான் கிப்ஸ் அவரை 4,000க்கும் குறைவான வாக்குகளில் வீழ்த்தினார். இதில் வெட்கக்கேடான பகுதி என்னவென்றால், நவம்பரில் கிப்ஸைத் தோற்கடிப்பது எளிது என்று கணக்குப் போட்ட ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் பிரசாரக் குழு, 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து கிப்ஸின் பெயரைக் குடியரசுக் கட்சி வாக்காளர்களிடம் உயர்த்திக் காட்டும் விளம்பரங்களை ஒளிபரப்பியது. நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஷோல்டனே வென்றார், கணக்குப் பலித்தது. இரு கட்சிகளையும் ஏன் வெறுக்கிறீர்கள் என்று கேட்பவருக்கு இந்த ஒரு தேர்தலைக் காட்டினால் போதும்.

ஆனால் இதே கதையை நான் வேறு விதமாகவும் படிக்கிறேன். மிச்சிகனில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது; ஆகஸ்டில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் நிரலிலும் வாக்களிக்கலாம். "இரண்டும் வேண்டாம்" என்று கூறும் சில ஆயிரம் பேர் அன்று வந்திருந்தால் மெய்யர் தப்பியிருப்பார். நண்பரிடம் இதைச் சொன்னபோது, தாம் அந்த ஆகஸ்டில் வாக்களித்ததாகவும், இரு கட்சிகளிலும் நல்லவர்களாகப் பார்த்து நிரப்பியதாகவும் பெருமையோடு சொன்னார். அங்கேதான் பிழை. ஆகஸ்ட் சீட்டில் கட்சிகள் தனித்தனி நிரல்களாக இருக்கும். ஒரே நிரலுக்குள்தான் நிரப்ப வேண்டும். இரண்டிலும் நிரப்பினால் அந்தப் பகுதி முழுவதும் செல்லாது. வாக்குச்சாவடியில் போட்டிருந்தால் எண்ணும் எந்திரம் தாளைத் திருப்பித் தள்ளி எச்சரித்திருக்கும். அஞ்சலில் அனுப்பியவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் இந்த வழி அகலமும் குறுகலுமாக இருக்கிறது. டெக்சாஸ், வர்ஜீனியா, ஜார்ஜியா ஆகியவற்றிலும் கட்சிப் பதிவு இல்லை. நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா ஆகியவை மூடியவை. கட்சியில் பதிவு செய்யாதவருக்கு அங்கே உட்கட்சி வேட்பாளர் தேர்வில் இடமில்லை. சுயேச்சை என்று பதிவு செய்துகொள்வதைச் சிலர் ஒரு கௌரவமாகக் கருதுகிறார்கள். நியூயார்க்கில் அந்தக் கௌரவத்துக்கு விலை, ஜூனில் நடக்கும் தேர்தலில் வாய்மூடி நிற்பது. மனம் மாறினால் பிப்ரவரி 14க்குள் பதிவை மாற்றியாக வேண்டும். மூடிய மாநிலத்தில் வாழ்பவர், தம் தொகுதியில் எப்போதும் வெல்லும் கட்சி எதுவோ அதில், பிடிக்கிறதோ இல்லையோ, பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை. அதற்கு அந்தக் கட்சியின் கொள்கையை ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஐந்தாவது வழி, விதியையே மாற்றுவது. டிரம்ப் மீதான தீர்மானத்தை ஆதரித்ததாக மேலே சொன்ன பத்துப் பேருக்கு 2022இல் நேர்ந்தது இதற்கு ஒரு சோதனைக்கூடம். நால்வர் போட்டியிடவில்லை, நால்வர் உட்கட்சித் தேர்தலில் தோற்றனர், மீண்டும் வென்றவர்கள் இருவர் மட்டுமே. அந்த இருவரில் டேவிட் வலடேயோ கலிபோர்னியாவைச் சேர்ந்தவர், டான் நியூஹவுஸ் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தவர். இரு மாநிலங்களிலும், கட்சி வேறுபாடின்றி எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில் நின்று, முதல் இருவர் நவம்பருக்குச் செல்லும் முறை இருக்கிறது. செனட்டில் டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்த லிசா முர்கௌஸ்கி, முதல் நால்வர் முன்னேறித் தரவரிசை வாக்களிப்பில் மோதும் அலாஸ்காவில் 2022இல் மீண்டும் வென்றார். இதை அற்புத மருந்தாகக் காட்ட நான் விரும்பவில்லை; அதே வாஷிங்டனில் அதே முறையில் ஜெய்மி ஹெரேரா பியூட்லர் தோற்றுப்போனார்.

வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் தரவரிசை முறை, இலங்கை வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது. 2024இல் அங்கு முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள். மெய்ன் மக்கள் 2016இல் வாக்கெடுப்பின் மூலம் இதைக் கொண்டுவந்தனர். 2018இல் முதல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த ஜாரெட் கோல்டன், சுயேச்சைகளுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் சேர்ந்ததும் காங்கிரஸ் இடத்தை வென்றார். நேடர் போன்றவருக்கு அச்சமின்றி வாக்களிக்க வழி திறக்கும் முறை இது. இருந்தும் 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் ஆகிய நான்கு மாநிலங்களின் வாக்காளர்களும் இதை நிராகரித்தனர். மிசௌரி தடையே விதித்தது. அலாஸ்காவில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் பிழைத்துக்கொண்டது. கட்சிகள் பிடிக்கவில்லை என்று சொல்லும் மக்களே கட்சிகளுக்குச் சாதகமான விதியைக் காப்பாற்றியது புதிராகத் தோன்றலாம். புரியாத மாற்றத்துக்கு "வேண்டாம்" என்று போடுவது வாக்காளரின் இயல்பு என்பதைத் தவிர, இதற்கு வேறு ஆழமான காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கனெக்டிகட், நியூயார்க் போன்ற மிகச் சில மாநிலங்களில், சிறு கட்சி ஒன்று பெரிய கட்சியின் வேட்பாளரையே தன் வரிசையிலும் நிறுத்தலாம். 2010இல் டேன் மலாய் கனெக்டிகட் ஆளுநரானது ஏறத்தாழ 6,400 வாக்குகளில். உழைக்கும் குடும்பங்கள் கட்சியின் வரிசையில் அவருக்கு விழுந்தவை 26,000க்கும் மேல். இந்த வசதி இருக்கும் இடத்தில் வாழ்பவர், குறைந்த தீமைக்கு வாக்களித்துக்கொண்டே தம் அதிருப்தியையும் எண்ணிக்கையில் பதியவைக்கலாம்.

விதிமாற்றம் நெடுங்காலத்து வேலை என்பதையும், மக்கள் முன்முயற்சிக்கு ஏறத்தாழ பாதி மாநிலங்களில்தான் இடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே நேரம், மிச்சிகனில் கேட்டி ஃபாஹே என்ற பெண், 2016 தேர்தல் முடிந்த சில நாள்களில், தொகுதி எல்லையைக் கட்சிகள் தம் வசதிக்கு வரைவதை ஒழிக்கத் தம்மோடு சேர யாருக்கு விருப்பம் என்று முகநூலில் கேட்டதிலிருந்து தொடங்கியது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளாகி, 2018இல் 61 விழுக்காடு ஆதரவுடன் அரசியலமைப்புத் திருத்தமாக முடிந்தது. புதிய எல்லைகளின்படி நடந்த 2022 தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் கை மாறின. 2024இல் கீழவை மீண்டும் மறுபக்கம் போனது. பெரோவின் ஏறத்தாழ இரண்டு கோடி வாக்குகள் பெற்றுத் தராததை, ஒரு முகநூல் பதிவும் ஈராண்டு உழைப்பும் ஒரே மாநிலத்தில் பெற்றுத் தந்தன.

ஆகவே என் தரவரிசை இது: ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தல் முதலாவது, விதிமாற்ற வாக்கெடுப்பு மாநிலத்தில் சாத்தியமென்றால் அதற்குச் சமமானது, நவம்பரில், போட்டி உள்ள மாநிலமென்றால் இருவரில் ஒருவர், இல்லையென்றால் மனச்சாட்சிப்படி யாரும், வெற்றுக் கட்டம் கடைசி.

உட்கட்சித் தேர்தலுக்குள்ளும் இன்னும் சிறிய ஒரு கதவு இருக்கிறது. மிச்சிகனில் மாநிலச் செயலர், தலைமை வழக்கறிஞர், உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகிய பதவிகளுக்கு வேட்பாளரைக் கட்சி மாநாடுகளே தெரிவு செய்கின்றன; அந்த மாநாடுகளுக்கு அடித்தளம், ஆகஸ்டில் வாக்குச்சாவடிப் பகுதி வாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிரதிநிதிகள். 2022இல் குடியரசுக் கட்சி மாநாடு, 2020 தேர்தல் முடிவை மறுத்தவர்களை மாநிலச் செயலர், தலைமை வழக்கறிஞர் பதவிகளுக்கு முன்மொழிந்ததும், அவர்கள் நவம்பரில் தோற்றதும் இந்தக் கதவு எத்தனை பேரால் திறக்கப்படக்கூடியது என்பதைக் காட்டின. நண்பரின் பகுதிக்கான 2024 ஆகஸ்ட் மாதிரி வாக்குச்சீட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்தோம். பிரதிநிதி என்ற இடத்துக்கு நேரே, இரு கட்சிகளின் நிரலிலும், அச்சிட்ட பெயர் ஒன்றுமில்லை. பேனாவால் எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோடு மட்டும் இருந்தது. நண்பர் திரையைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்துவிட்டு, அடுத்த தடவை இதற்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எப்போது என்று கேட்டார்.